அரிசி ஆலையிலிருந்து வந்த இருளர் குடும்பங்கள்: விடுதலைச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் பெறுவது எப்படி?

கேள்வி: களப்பணி மாணவி, திருவள்ளூர் மாவட்டம்

வணக்கம். நான் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. களப்பணிக்காக ஒரு தொண்டு நிறுவனத்தோடு இணைந்து, அரிசி ஆலையொன்றிலிருந்து வெளியே அழைத்து வரப்பட்ட சில இருளர் பழங்குடிக் குடும்பங்களுடன் பழகி வருகிறேன். அவர்களில் ஒரு குடும்பத்தின் நிலையை மட்டும் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களின் நிலையும் பெரும்பாலும் இதுவேதான். மகளின் திருமணத்துக்கும், பின்னர் பெரியவர் ஒருவரின் ஈமச்சடங்குக்குமாக ஆலைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அதற்காகக் கணவன், மனைவி, பள்ளியில் இருந்திருக்க வேண்டிய வயதுடைய மகன் ஆகிய மூவரும் பல ஆண்டுகள் நெல் அவித்து, களத்தில் காயவைத்து, மூட்டை தூக்கியிருக்கிறார்கள். வாரக் கூலியில் கடனுக்கென்று பிடித்ததுபோக மிஞ்சியது அரிசிக்கும் எண்ணெய்க்குமே போதவில்லை என்பதால், முன்பணம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

விசாரணைக்கு வந்த அலுவலர், “உங்களைப் பூட்டி வைத்தார்களா? அடித்தார்களா?” என்று கேட்டார். இல்லை என்றார்கள். “சந்தைக்குப் போய் வந்தீர்களா?” என்று கேட்டார். வாரம் ஒருமுறை வீட்டுக்கு ஒருவர் போய் வருவோம் என்றார்கள். இந்த இரண்டு பதில்களைக் கொண்டே, இது கூலித் தகராறு, கொத்தடிமை முறை அன்று என்ற கருத்து கோப்பில் ஏறியிருக்கிறது. கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதை உறுதிசெய்யும் விடுதலைச் சான்றிதழ் வரவில்லை.

சாதிச் சான்றிதழும் இவர்களிடம் இல்லை. விண்ணப்பித்தபோது, இரத்த உறவினர் யாரிடமாவது சான்றிதழ் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள். தலைமுறையாக ஒருவரிடமும் இல்லாத குடும்பம் அதை எங்கிருந்து கொண்டு வரும்? சாதிச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிப் பையனைப் பள்ளியிலிருந்தும் முதலில் திருப்பி அனுப்பினார்கள். பிறகு சேர்த்துக்கொண்டாலும், அவனைக் கடைசி வரிசையில் தனியே உட்கார வைக்கிறார்கள் என்று அவன் தாய் சொல்கிறார்.

இதற்கிடையில் செங்கல் சூளை மேஸ்திரி ஒருவர் வந்து புதிய முன்பணம் பேசிக்கொண்டிருக்கிறார். குடும்பம் ஏறக்குறைய இசைந்துவிட்டது. கையில் காசும் இல்லை, காகிதமும் இல்லை என்ற நிலையில் அவர்கள் எடுக்கும் முடிவைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. கோப்பில் ஏறிவிட்ட அந்தக் கருத்தை மாற்ற வழி உண்டா? சாதிச் சான்றிதழுக்கு எந்த வழியில் போவது? இந்தக் குடும்பத்தோடு நிற்க விரும்பும் ஒரு சமூகப்பணியாளர் இப்போது செய்யத்தக்கது என்ன? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: தொழிலாளர் உரிமைப் பணியாளர், விழுப்புரம்

தங்கைக்கு வணக்கம். நீங்கள் எழுதியுள்ளதைப் படித்தவுடன் தோன்றியது இதுதான்: அந்த அலுவலர் கேட்ட கேள்விகளில் எதுவுமே சட்டம் கேட்கச் சொல்லும் கேள்வி அன்று. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில், பூட்டு, சங்கிலி, அடி என்பவை கொத்தடிமை நிலைக்கான நிபந்தனைகளாக எங்கும் சொல்லப்படவில்லை. முன்பணம் வாங்கியதன் பேரில் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய நேர்ந்தாலோ, விரும்பிய வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலோ, விரும்பிய இடத்துக்குச் சென்றுவரும் உரிமையை இழந்தாலோ, தம் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தாலோ, இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே அது கொத்தடிமை முறைதான். வாரம் ஒருமுறை, அதுவும் குடும்பத்தில் ஒருவர் மட்டும் சந்தைக்குப் போய் வந்தார் என்பதே, மற்றவர்கள் பிணையாக உள்ளே இருந்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. அவர்கள் மூவரும் சேர்ந்து ஒரு நாளாவது உறவினர் வீட்டுக்குப் போக முடிந்ததா என்று யாரேனும் கேட்டார்களா?

குறைந்தபட்சக் கூலி கொடுக்காமல் வாங்கும் உழைப்பு அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்துள்ள கட்டாய உழைப்பே ஆகும் என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒருவரிடம் கட்டாய உழைப்பு வாங்கப்பட்டது தெரியவந்தால், அது முன்பணத்துக்கு ஈடாகவே வாங்கப்பட்டது என்று கருதிக்கொள்ள வேண்டும் என்றும், அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது என்றும் தீர்ப்பளித்தது. சட்டத்தின் 15ஆம் பிரிவும் மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர் மீதே வைக்கிறது. எழுத்தறியாத ஒரு தாயிடம் ஆதாரம் கேட்பதும், கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கும் ஆலைக்காரரிடம் எதுவுமே கேட்காமல் விடுவதும் சட்டத்தைத் தலைகீழாக நடத்துவதாகும். இருளர்கள் மீது காட்டப்படும் பாகுபாடு ஊர்க்கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் மட்டும் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். யாருடைய சொல்லை நம்புவது, யாருடைய சொல்லுக்குச் சாட்சி கேட்பது என்ற இடத்தில்தான் அது மிகக் கடுமையாக இருக்கிறது.

ஆகவே உங்கள் முதல் வேலை வாக்குமூலம். கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியே, ஆலைக்காரரின் ஆள்களோ மேஸ்திரியோ அருகில் இல்லாத இடத்தில், அவசரப்படாமல் பேசுங்கள். முன்பணம் எப்போது, எதற்காக, எவ்வளவு வாங்கினார்கள். வாரத்துக்கு எத்தனை மூட்டை அவித்தார்கள். எவ்வளவு கூலி சொன்னார்கள், எவ்வளவு பிடித்தார்கள். இரவில் அடுப்பைப் பார்த்துக்கொண்டது யார். உடம்பு சரியில்லாத நாளில் என்ன நடந்தது. கடன் தீரும் முன் வேறு வேலைக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தார்கள் என்று கேளுங்கள். தேதி நினைவில் இல்லையென்றால் திருவிழா, மழை, குழந்தை பிறந்த காலம் ஆகியவற்றை வைத்துச் சொல்வார்கள். அதை அப்படியே எழுதுங்கள். அவர்களுடைய சொற்களை உங்கள் பாடநூல் சொற்களாக மாற்றிவிட வேண்டாம். “கடனை அடைக்காமல் எப்படிப் போவது” என்று ஒரு பெண் சொன்ன வாக்கியத்துக்கு இருக்கும் வலிமை, நாம் எழுதும் எந்த அறிக்கைக்கும் இல்லை.

விடுதலைச் சான்றிதழ் கிடைத்தவுடன் பெறத்தக்க உடனடி உதவித்தொகை, மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தின்படி நபர் ஒருவருக்கு 30,000 ரூபாய் வரை. அதன்பின் வயது வந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாயும், கொடிய சுரண்டலுக்கு உள்ளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாயும் உண்டு. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் இத்தொகை வரும் என்று பல அலுவலகங்களில் சொல்வார்கள். உடனடி உதவிக்கு அந்த நிபந்தனையே கிடையாது. பெரிய தொகைக்கும், கொத்தடிமை நிலை இருந்தது என்று மாவட்ட நிர்வாகம் முதல்நோக்கில் முடிவு செய்திருந்தால், வழக்கு முடியவில்லை என்பதற்காக முன்மொழிவை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதே திட்டத்தின் விதி.

வழக்குப் பதிவில் ஒன்றைக் கவனியுங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தோடு, பழங்குடியினரைக் கொத்தடிமை வேலை செய்ய வைப்பதைக் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(h) பிரிவும் சேர்க்கப்பட வேண்டும். அது சேர்ந்தால் விசாரணை அதிகாரி காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அரசின் தனி நிவாரணத் தொகைக்கும் உரிமை வரும். இந்தப் பிரிவைச் சேர்க்கவும் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால், நீங்கள் தனித்தனியாகக் கேட்ட இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒன்றோடொன்று கட்டுண்டவை.

பதில்: வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், செங்கல்பட்டு

அம்மா, முன்னவர் எழுதிய கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகிறார். பழங்குடியினருக்கான சான்றிதழை வழங்குபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். கொத்தடிமை விடுதலைச் சான்றிதழில் கையெழுத்திடுபவரும் பெரும்பாலும் அதே அதிகாரிதான். ஒரே மேசையில் முடிய வேண்டிய இரண்டு காரியங்களுக்காக ஒரு குடும்பத்தை இரண்டு வழிகளில் அலைய விடுவது தேவையற்றது. இரண்டு மனுக்களையும் ஒரே நாளில், ஒன்றை மற்றொன்றில் குறிப்பிட்டு, அந்த அலுவலகத்திலேயே கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

சான்றிதழ் தருவதில் இத்தனை தயக்கம் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். பழங்குடியினர் அல்லாதவர்கள் பொய்யாகச் சான்றிதழ் பெற்றுக் கல்வியிலும் வேலையிலும் இடம் பிடித்த வழக்குகள் நாடெங்கும் வந்தன. அதனால் 1994இல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான சரிபார்ப்பு முறையை வகுத்தது. குலதெய்வம், சடங்கு, திருமண முறை, அடக்கம் செய்யும் முறை ஆகியவற்றை விசாரிக்கும் வழக்கம் அதில் உறுதிப்பட்டது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கப் போட்ட வேலி, கையெழுத்துப் போடத் தெரியாத இருளரைத்தான் முதலில் தடுக்கிறது என்பது வேதனையான உண்மை. தவறாகக் கொடுத்தால் விசாரணை வரும், கொடுக்காமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை என்ற கணக்கில் கோப்புகள் தூங்குகின்றன. ஆனால் 2023 மார்ச்சில் மகாராஷ்டிரத்துத் தாக்கூர் பழங்குடியினர் தொடர்பான வழக்கில், இந்தப் பண்பாட்டுச் சோதனையை ஒரே முடிவான உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. அந்தத் தீர்ப்பை மனுவில் குறிப்பிடலாம்.

குடும்பத்தில் யாரிடமும் சான்றிதழ் இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். தாய்வழி, தந்தைவழி உறவுகளை மூன்று தலைமுறைக்கு வரைந்து பாருங்கள். அத்தை மகன், சித்தப்பா மகள் என்று வேறு வட்டத்தில் எங்கேனும் ஒருவர் பெற்றிருக்கக் கூடும். குடும்பங்கள் வேலை தேடிச் சிதறிப் போனதால் அந்தத் தொடர்பு அறுந்திருக்கும். உண்மையிலேயே எவரிடமும் இல்லையென்றால், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தோடு நேரடிக் கள விசாரணை நடத்தும்படி எழுத்தில் கேளுங்கள். உறவினர் சான்றிதழ் உதவும் ஆவணம்தான். அது இல்லாததாலேயே ஒருவர் பழங்குடியினர் அல்லாதவர் ஆகிவிட மாட்டார். இன்னொன்று: பள்ளிப் பதிவேட்டில் ‘வில்லி’ (இருளர்களை அழைக்கும் இன்னொரு பெயர்) என்றோ, வேறு சாதிப் பெயரிலோ பையனின் சாதியைத் தவறாக எழுதிவிட்டால், பிற்காலத்தில் அந்த ஒரு வரியே அவனுக்கு எதிரான ஆவணமாகும். இன்றே போய்ப் பதிவேட்டைப் பாருங்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை, சாதிச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லாத குழந்தையைக்கூடச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. படிப்பு விட்டுப்போன குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தரவும் சொல்கிறது. நலிந்த பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று 8ஆம் பிரிவு கூறுகிறது. கடைசி வரிசை விஷயத்தைத் தலைமையாசிரியரிடம் முதலில் பேசுங்கள். மாறாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள்.

குடும்ப அட்டையையும் மறக்க வேண்டாம். இருளர்கள் தமிழ்நாட்டின் 6 தொன்மைப் பழங்குடிகளுள் ஒருவர் என்பதால், மாதம் 35 கிலோ அரிசி கிடைக்கும் அந்தியோதயா அட்டைக்குத் தகுதி உடையவர்கள்.

பதில்: இருளர் சங்கத்தில் பணியாற்றும் இளைஞர், திண்டிவனம் வட்டாரம்

அக்காவுக்கு வணக்கம். நான் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவன். மேலே இருவரும் எழுதிய சட்ட விவரங்கள் மிகவும் பயனுள்ளவை. நான் எங்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் தாத்தா காலத்தில் பாம்பும் உடும்பும் வயல் எலியும் மூலிகையும் எங்கள் வாழ்வாதாரம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது, மாற்று வேலை என்று எங்களுக்கு ஒன்றுமே தரப்படவில்லை. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைக் கொல்லாமல் நஞ்சு எடுத்து, நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கே அடிப்படையாக நின்றது; அந்தத் திறமைக்காக எங்கள் மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சங்கத்தில் இடம் கிடைத்தவர்கள் சில நூறு பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாங்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். மற்றவர்கள் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டுக்கொண்டு, சவுக்கு வெட்டவும், கரி மூட்டம் போடவும், சூளைக்கும் ஆலைக்கும் போகவும் நேர்ந்தது. நிலம் இல்லை, பட்டா இல்லை, வங்கி எங்களை அறியாது. சாவு விழுந்த வீட்டுக்கு அன்றைக்கே பணம் தருபவர் ஆலைக்காரர் ஒருவர்தான். எங்கள் மக்கள் அறியாமையால் முன்பணம் வாங்குகிறார்கள் என்று பயிற்சிக் கூட்டங்களில் பேசுகிறார்கள், அது சரியன்று. வேறு யாரும் தராததால் வாங்குகிறார்கள்.

ஆகவே அந்த மேஸ்திரியை எதிர்த்து அந்தக் குடும்பத்திடம் வாதாடுவதைவிட, அவர்களுக்கு இந்த மாதம் எவ்வளவு பணம், எதற்குத் தேவை என்று கேளுங்கள். வைத்தியத்துக்கா, அரிசிக்கா, பழைய ஆலைக்காரருக்குக் கொடுக்கவா? கடைசிக் காரணமாக இருந்தால், சட்டப்படி அந்தக் கடன் ஏற்கெனவே ஒழிந்துவிட்டது என்பதை அவர்களிடம் ஒருமுறைக்குப் பலமுறை சொல்ல வேண்டும். எங்கள் பெரியவர்களுக்கு வாங்கிய கடனைக் கொடுக்காமல் இருப்பது மானக்கேடு. அந்த மனச்சாட்சியைத்தான் முதலாளிகள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வெளியாள் ஒருவர் சொல்வதைவிட, முன்பு மீட்கப்பட்டு இப்போது சொந்தமாக நிற்கும் எங்கள் ஆள் ஒருவர் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். உங்கள் மாவட்டத்திலேயே, மீட்கப்பட்ட இருளர் தொழிலாளர்கள் நடத்தும் செங்கல் சூளை 2022இல் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தொடங்கப்பட்டது. அந்தக் குடும்பத்தை ஒரு நாள் அங்கே அழைத்துச் சென்று பேச வையுங்கள்.

சான்றிதழ் விசாரணையில், பாம்பு பிடித்துக் காட்டு என்று எங்களைக் கேட்ட அலுவலர்கள் உண்டு. ஆலையிலேயே பிறந்து வளர்ந்த பையனுக்குப் பாம்பு பிடிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள்? அப்படிக் கேட்டால், கன்னியம்மாளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் நாங்கள் கூடுவதும், மணலில் கன்னியம்மாளுக்குப் படையலிடுவதும், விடியலில் அங்கேயே திருமணங்கள் நடப்பதும் எல்லோரும் அறிந்தவை. அந்தக் குடும்பத்துப் பெரியம்மாவை உட்கார வைத்து, யார் யாரோடு போனார்கள், எந்த ஊர் உறவுகள் அங்கே கூடினார்கள் என்று கேட்டால், ஐயா மேலே எழுதிய மூன்று தலைமுறை உறவும் ஒரே மாலையில் கிடைத்துவிடும்.

ஒரு வேண்டுகோள். மீட்ட நாளில் குடும்பங்களை வரிசையாக நிறுத்தி எடுக்கும் படங்களை நிறுவனங்கள் இணையத்தில் போடுகின்றன. குழந்தைகளின் முகம் அதில் வருவது சட்டப்படியே தவறு. அதோடு, அந்தப் படத்தைக் காட்டித்தான் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைக் கேலி செய்கிறார்கள். உங்கள் களப்பணி அறிக்கைக்குப் படம் கட்டாயம் என்று சொன்னால், மறுத்துவிடுங்கள் அக்கா. பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் எங்கள் பகுதியில் பல ஆண்டுகள் உழைத்தபோது, எங்கள் மக்களையே சங்கமாக்கிப் பேச வைத்தார்கள். மனுவை நீங்கள் எழுதலாம். கோட்டாட்சியர் முன்னால் பேசுவது அந்தத் தாயாகவே இருக்கட்டும்.

கேள்வியாளர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பள்ளிப் பதிவேட்டை இன்று பார்த்தேன். சாதிப் பகுதியை நிரப்பாமலே விட்டிருக்கிறார்கள். இன்னும் ஓர் ஐயம். முதல் விசாரணையில் “பூட்டி வைக்கவில்லை” என்று சொன்ன அவர்கள், இப்போது விரிவான வாக்குமூலம் கொடுத்தால், மாற்றிப் பேசுகிறார்கள் என்று தள்ளிவிட மாட்டார்களா? பழைய ஆலையின் ஆள்கள் இருமுறை குடிசைக்கு வந்து பணம் கேட்டுப் போயிருக்கிறார்கள் என்பதும் இப்போதுதான் தெரிய வந்தது.

பதில்: தொழிலாளர் உரிமைப் பணியாளர், விழுப்புரம்

தங்கைக்கு, அவர்கள் முதலில் சொன்ன எதையும் மறுக்க வேண்டியதில்லை. பூட்டவில்லை, அடிக்கவில்லை, சந்தைக்குப் போனோம் என்பதை அப்படியே முதல் பத்தியில் எழுதி, கேட்கப்படாததால் சொல்லப்படாதவை என்று முன்பணத்தையும் கூலியையும் வேறு வேலைக்குப் போக முடியாமையையும் அடுத்து எழுதுங்கள். கூடுதல் வாக்குமூலம் என்று தலைப்பிட்டு, மாவட்ட ஆட்சியருக்கே முகவரியிடுங்கள். தம் எல்லைக்குள் கொத்தடிமை முறை நடக்கிறதா என்று விசாரித்து, உடனே நடவடிக்கை எடுப்பது கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி அவருடைய கடமை. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நகலை மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் அனுப்புங்கள். அந்தக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவரும் சமூகப்பணியாளர் இருவரும் இருக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த இடங்களில் இருப்பவர்கள் யார் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, அவர்களை நேரில் சந்தியுங்கள்.

ஒழிந்துபோன கடனைத் திரும்பப் பெறுவதே 9ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். ஆள்கள் வந்த நாளையும், வந்தவர்கள் சொன்னதையும், அப்போது அருகில் இருந்தவர்களின் பெயர்களையும் அந்தக் குடும்பத்திடம் கேட்டு இன்றிரவே எழுதி வையுங்கள். காவல் நிலையத்துக்கு அவர்களைத் தனியாக அனுப்ப வேண்டாம். பழங்குடியினர் என்ற முறையிலும், கட்டாய உழைப்புக்கு உள்ளானவர்கள் என்ற முறையிலும் அவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரைப் பெற உரிமை உண்டு. அந்த விண்ணப்பத்தை நாளைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள்; வழக்கறிஞரோடும், முடிந்தால் தம்பி குறிப்பிட்டது போன்ற ஒரு சங்கத்துப் பெரியவரோடும் அவர்கள் புகார் கொடுக்கட்டும்.